கூதிர்க்கால மேசை

எங்கள் விடுதியில் ஆண்டுதோறும் ஐப்பசித் திங்களில், அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று மாலை, நன்றி விருந்து ஒன்று நடைபெறுவது வழக்கம். சென்ற ஆண்டு அவ்விருந்தில் விருந்தினர் அமரும் நீண்ட மேசையை அணிசெய்யும் பொறுப்பு என்பால் இருந்தது. அது தானே வந்த பொறுப்பன்று. யானே வாதாடிப் பெற்றது. ஆதலின் அதனால் நேர்ந்தவற்றிற்கும் யானே பொறுப்பாளி. இதனை முதற்கண் சொல்லிவிடுவது நலம். ஏனெனில் அன்று நடந்ததைப் பற்றி விடுதியில் மூன்று நான்கு விதமான கதைகள் உலவுகின்றன. அவற்றுள் ஒன்றில் யான் வீரனாகவும் வருகிறேன்.

பிற ஆண்டுகளில் அம்மேசைக்கு ஒரு வெள்ளை விரிப்பும், இரண்டு கண்ணாடிச் சாடிகளில் காகிதப் பூவுமே போதுமென்று விட்டுவிடுவார்கள். சென்ற ஆண்டு அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதியிலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் நம் கல்லூரிக்கு வந்து ஒரு திங்கள் தங்கியிருந்தனர். அவர்கள் நாட்டில் அது இலையுதிர் காலம். வீட்டு மேசைகளையெல்லாம் அணிசெய்து மகிழும் காலம். ஆகவே அவர்கள் மனம் குளிர, அந்நாட்டு முறைப்படியே மேசையை அமைக்க வேண்டுமென்று விருந்துக்குழுவின் செயலாளர் விரும்பினார். அவர் பொருளியல் மாணவர். எதனையும் கணக்கிட்டு முன்னதாகவே செய்து முடிப்பவர். குழு கூடிய அன்றே நாலைந்து படங்களையும், சிவப்பும் மஞ்சளுமான தடித்த தாளில் வெட்டிய மேப்பிள் இலைகள் ஒரு கட்டினையும் கொண்டுவந்து எங்கள்முன் பரப்பினார்.

படங்கள் அழகாகவே இருந்தன, அதனை மறுப்பதற்கில்லை. மேசையின் நடுவே ஒரு பெரிய பூசணி. அதன் மேற்புறத்தைச் சீவி, உள்ளே குடைந்து, சாடியாக்கி, அதில் செவ்வந்தியைச் செருகியிருந்தனர். இருபுறமும் கோதுமைக் கதிர்க்கட்டுகள். இடையிடையே ஆப்பிளும், ஓக் மரத்துக் கொட்டைகளும், பைன் மரக் காய்களும். எல்லாவற்றின் மேலும் கீழும் தீ நிறமான இலைகள். வேறொரு படத்தில் ஆட்டுக்கொம்பின் வடிவாகப் பின்னிய கூடையொன்று வாய்திறந்து கிடக்க, அதிலிருந்து திராட்சையும் சோளக்கதிரும் மேசையின்மேல் வழிந்து கிடந்தன. விளைந்ததனைத்தையும் வீட்டிற் கொண்டுவந்து சேர்த்தாயிற்று, இனிப் பனிக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று அம்மேசைகள் சொல்லுவன போலிருந்தன.

இவ்வழக்கம் திருச்சபைக்கும் அயலானதன்று. ஏழாம் மாதத்திற் களஞ்சியம் நிறைந்தபின் பேரீந்தின் ஓலையும் தழைத்த கிளைகளும் கொண்டு பந்தலிட்டு ஏழு நாள் மகிழுமாறு இஸ்ரவேலருக்கு விதிக்கப்பட்ட கூடாரப்பண்டிகை, அந்நாட்டின் இலையுதிர் காலத்துப் பண்டிகையே. இங்கிலாந்தில் கார்ன்வால் கடற்கரையிலுள்ள மார்வென்ஸ்டோ என்னும் சிற்றூரின் குருவும் கவிஞருமான ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், 1843ஆம் ஆண்டில் தம் சபையாரைப் புதுத் தானியத்தின் அப்பத்தோடு நற்கருணைக்கு அழைத்தார். அதன் பின்னர்க் கதிர்களாலும் கனிகளாலும் ஆலயத்தை அணிசெய்யும் வழக்கம் அந்நாடெங்கும் பரவிற்று. மிஷனெரிமார் வாயிலாக அது நம்மிடம் வந்து, தூண்தோறும் நெற்கதிரும் வாழையும் கட்டி, பீடத்தின்முன் தேங்காயும் கோழியும் குவித்து, ஆராதனை முடிந்தபின் ஏலம் கூறும் நம் அறுப்பின் பண்டிகையாயிற்று. அமெரிக்கரின் நன்றியறிதல் நாளோ வேறொரு மரபு. 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை அதற்கென அறிவித்தார்; 1941இல் அது நான்காம் வியாழன் எனச் சட்டத்தால் உறுதியாயிற்று. இவற்றையெல்லாம் செயலாளர் நன்கு படித்து வந்திருந்தார். யான்தான் படியாமற் சென்று வாதாடினேன்.

எனது வாதம் ஒரு சொல்லைப் பற்றியது. ஆங்கிலர் 'ஆட்டம்' என்றும், அமெரிக்கர் 'ஃபால்' என்றும் சொல்லும் பருவத்தை நாம் இலையுதிர் காலம் என்று எழுதிவருகிறோம். ஆனால் நம் நாட்டில் ஐப்பசியில் எந்த இலை உதிர்கிறது? வடகிழக்குப் பருவமழை தொடங்கி, வேலியிற் கிடந்த உலர்ந்த முள்ளும் தளிர்க்கும் காலமன்றோ அது! நம் கல்லூரி வளாகத்தில் இலை சிவந்து உதிர்வது நாட்டுவாதுமை மரம் ஒன்றே. அதுவும் தை மாசியில். தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம்; வாடைக்காற்று வீசும் குளிர்ப்பருவம்; குறிஞ்சித்திணைக்கு உரியது. கூதிர் என்ற சொல் இருக்க, உதிராத இலைகளைக் காகிதத்தில் வெட்டி, இல்லாத பருவத்தை மேசையின்மேல் இருப்பதாகக் காட்டுவானேன் என்று வினவினேன். விருந்தினர் நம் நாட்டைக் காண வந்தவர்கள்; அவர்கட்கு அவர்கள் நாட்டையே காகிதத்தில் வெட்டிக் காட்டுவது விருந்தோம்பல் ஆகாது என்றும் சொன்னேன். குழுவினர் கைதட்டினர். செயலாளர் தம் காகித இலைகளை மறுபடியும் கட்டி எடுத்துக்கொண்டு, "அப்படியானால் நீரே செய்யும்" என்றார். அவர் குரலிற் கோபமில்லை.

கூதிர்காலத்து மேசைக்கு நடுநாயகமாக எதனை வைப்பது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. காந்தள்! கபிலர் குறிஞ்சிப்பாட்டிற் கூறும் தொண்ணூற்றொன்பது மலர்களின் வரிசை செங்காந்தளைக் கொண்டே தொடங்குகிறது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. நாட்டு வழக்கில் அதற்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயருண்டு. பருவத்தையே பெயராகக் கொண்ட மலர். அப்பாட்டைக் கற்பித்த காலத்து எம் தமிழ்ப் பேராசிரியர் எங்களை ஊர்ப்புறத்துக் கள்ளிவேலிக்கு அழைத்துச் சென்று, அங்கே படர்ந்திருந்த கொடியைக் காட்டினார். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருந்தது. ஆறு இதழும் ஓரம் நெளிந்து, பின்புறமாக மடிந்து மேனோக்கி நின்றன. மலரும்போது பசுமஞ்சளாய், பின்னர் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாய், முதிர்ந்தபின் முழுதும் சிவப்பாய் அது நிறம் மாறுமென்று அவர் விளக்கினார். சங்கப் புலவர் அதனைத் தீச்சுடர்க்கும் மகளிர் விரலுக்கும் உவமித்ததன் பொருத்தத்தை அன்றுதான் கண்டேன். கிழங்கைப் பற்றி அவர் ஏதேனும் சொன்னாரா என்பது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பார், யான் மலரையே நோக்கிக்கொண்டிருந்தேன்.

யான் செம்மண் தேரிநிலத்தில், பனங்காட்டிடையே பிறந்தவன். எங்கள் ஊர்ப்பக்கத்து வேலிகளில் இக்கொடியை ஏன் கண்டதில்லை என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

பண்டிகை ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் ஒரு களைக்கொட்டினை எடுத்துக்கொண்டு அவ்வேலிக்குச் சென்றேன். அறுத்தெடுத்தால் மாலைக்குள் வாடிவிடுமென்று எனக்கு நானே முடிவுசெய்து, பதினொரு கொடிகளைக் கிழங்கோடு தோண்டினேன். பூவியாபாரத்தில் காந்தள் அறுத்த மலராகவே ஒரு வாரம் நிற்கும் என்பதைப் பின்னர் அறிந்தேன். மழை பெய்து நெகிழ்ந்த மண் ஆதலால் தோண்டுவது எளிதாயிருந்தது. கிழங்கு ஒவ்வொன்றும் கலப்பையைப் போல இரு கவராய் வளைந்து கிடந்தது. இதனாலன்றோ நிகண்டு நூலார் இதனை இலாங்கலி என்றனர் என்று வியந்தேன். இலாங்கலம் என்பது வடமொழியிற் கலப்பை. அவற்றைத் தோள்துண்டிற் பொதிந்து விடுதிக்குக் கொண்டுவந்தேன். நடுவில் வைக்க எண்ணியிருந்த பித்தளைக் குடத்தின் வாய் சிறிது. கிழங்கோடு கொடி நுழையவில்லை. சமையற்கட்டின் பின்புறம் அமர்ந்து கிழங்குகளைக் கவர் கவராகக் கிள்ளி, அங்கே கிடந்த ஒரு சுளகில் இட்டுவிட்டு, கொடிகளை மட்டும் குடத்திலிட்டு மேசைக்கு எடுத்துச் சென்றேன்.

அதன் பின்னர் இரண்டு நாழிகை நேரம் மிக மகிழ்ச்சியாகக் கழிந்தது. மேசையணியில் எந்நாட்டிற்கும் பொதுவான சில விதிகள் உண்டு. அவற்றை அன்று யான் நன்றாகவே பின்பற்றினேன். எதிரில் இருப்பவர் முகத்தை அணி மறைக்கலாகாது. முழங்கையை மேசையில் ஊன்றி, மடக்கிய கையை மோவாயின்கீழ் வைத்தால் அவ்வுயரமே எல்லை. நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் சிறிது ஓங்கலாம். மல்லிகையும் தாழையும் எத்துணை இனியவையாயினும் உணவு மேசைக்கு ஆகா. அவற்றின் மணம் குழம்பின் மணத்தோடு போரிடும். பூவை நீர்ச்சாடியில் இடுவதைவிட, வாழைத்தண்டைச் சாண் அளவாய் நறுக்கிப் படுக்கவைத்து, அதிற் காம்பைச் செருகுவது நன்று. சாடி கவிழுமோ என்ற அச்சமில்லை. தண்டின் ஈரமே போதும். இவ்வாறு இருபுறமும் வாழைத்தண்டுகளிற் கோழிக்கொண்டையும், தோவாளைச் சந்தையிலிருந்து வந்த கேந்தியும் செவ்வந்தியும் நிரல்படச் செருகி, நடுவே காந்தட் குடத்தை நிறுத்தி, எட்ட நின்று நோக்கினேன். ஒரு சிறு தீயே மேசைமேல் எரிவது போலிருந்தது. இன்றும் கண்ணை மூடினால் அது தெரிகிறது.

அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

எங்கள் விடுதிச் சமையலுக்குத் துணைசெய்யும் முதிய அம்மையார் ஒருவர் உளர். மாணவர் அனைவருக்கும் அவர் பெரியம்மா. விருந்தில் நூற்றறுபது பேருக்குச் சீனிக்கிழங்கு அவித்துத் தேங்காய்ப்பூத் தூவிக் கொடுப்பதாக ஏற்பாடு. கடகப்பெட்டியில் அள்ளிவைத்திருந்த கிழங்கைக் கழுவிக் கொதிக்கும் அண்டாவில் இடுவதற்காகப் பெரியம்மா அமர்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர், சுளகு வேண்டியிருந்ததால், அதிற் கிடந்தவற்றையும் அதே பெட்டியிற் கொட்டியிருக்கிறார். அவர் செய்தது பிழையன்று. சமையற்கட்டிற் கிழங்கு கிடந்தால் அது சமைப்பதற்கென்றே எவரும் கொள்வர்.

"இத யாருய்யா இதுல போட்டது? இது கண்வலிக் கிழங்குல்லா!"

யான் ஓடிச் சென்றபோது பெரியம்மா ஒரு கவரைக் கையிற் பிடித்து நின்றார்கள். கை நடுங்கிற்று, கிழவி கை நடுங்கி யான் அதற்கு முன் கண்டதில்லை.

காந்தள் என்ற சொல்லை யான் அறிவேன். செங்காந்தள், தோன்றி, இலாங்கலி, கார்த்திகைப்பூ, அத்தனையும் அறிவேன். கண்வலிக் கிழங்கு என்ற சொல்லையும் அறிவேன். அவையனைத்திற்கும் முந்தி அறிவேன். ஆனால் இவையெல்லாம் ஒரே கொடியின் பெயரென்பதை அந்த நொடியிலேதான் அறிந்தேன். எனக்கு ஐந்து அல்லது ஆறு வயது இருக்கும்போது, எங்கள் தெருவிற்குப் புதிதாக மணமுடித்து வந்த பெண் ஒருத்தியை ஒருநாள் இரவில் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் மாலை கோயில் மணி அடித்தது. திண்ணையில் அமர்ந்திருந்த பெண்கள் தாழ்ந்த குரலில் அச்சொல்லைச் சொன்னதைக் கேட்டேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவ்வாரத்திலேயே எங்கள் ஆச்சி அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு வேலி வேலியாகச் சென்று எதனையோ தோண்டி எரித்தார்கள். ஆட்டுக்கு ஆகாத கொடி என்று எங்களிடம் சொன்னார்கள். எங்கள் ஊர் வேலிகளிற் காந்தளை யான் கண்டதில்லை என்றேனே, அதன் காரணம் இதுதான்.

இக்கொடியின் எல்லா உறுப்பும் நஞ்சு. கிழங்கு கொடு நஞ்சு. அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் பொருள் அளவறிந்து கொடுத்தால் மூட்டுவாத வகையான கௌட் நோய்க்கு மருந்து. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரப் பகுதிகளில் இதனைப் பயிரிட்டு, விதையை வெளிநாடுகட்கு ஏற்றுமதி செய்கிறார்கள். அளவு மிகுந்தாற் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, பின்னர் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும். அவித்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. உண்ணுங் கிழங்கென்று மயங்கி இதனைத் தின்று மாண்டவர் பலர் உண்டு. இவற்றைப் பின்னர்த்தான் தேடிப் படித்தேன். அன்று பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததே போதுமானதாயிருந்தது.

கடகப்பெட்டியைத் தரையிற் கவிழ்த்து, பெரியம்மாவும் யானும் இரண்டு சமையற்காரரும் ஒவ்வொன்றாய்ப் பிரித்தோம். பதினொரு கிழங்கு, ஒவ்வொன்றும் இரு கவர், ஆக இருபத்திரண்டு. இருபத்தொன்றுதான் அகப்பட்டது. மறுபடியும் பிரித்தோம், மறுபடியும் இருபத்தொன்று. உடைந்த துண்டு ஏதேனும் உண்டோ என்று பார்த்தோம், இல்லை. அண்டாவில் அதுவரை எதுவும் இடவில்லையென்று பெரியம்மா ஆணையிட்டுச் சொன்னார்கள். எனினும் இருபத்திரண்டாவது எங்கே?

விடுதிக் கண்காணிப்பாளரிடம் சென்று சொல்ல வேண்டியிருந்தது. சமையற்கட்டிலிருந்து அவர் அறைக்கு நாற்பது அடி தூரம்கூட இராது. அத்தூரத்தில் எனக்குத் தோன்றிய எண்ணங்களுள் எல்லாம் எழுதத் தக்கவையல்ல. இருபத்திரண்டும் அகப்பட்டன என்று சொல்லிவிட்டால் என்ன என்பதும் அவற்றுள் ஒன்று. கவர் ஒன்று தோண்டும்போதே ஒடிந்து மண்ணிற் கிடந்திருக்கலாம், எவருக்கும் தெரியப்போவதில்லை, விருந்தும் கெடாது. இவ்வெண்ணத்தோடே கதவைத் தட்டினேன். உள்ளே சென்று, எண்ணிக்கையை உள்ளபடியே சொன்னேன். அவர் ஒரு கணமும் தாமதியாமல் எழுந்து வந்து, கிழங்கு முழுவதையும் பின்புறத்திற் குழி தோண்டிப் புதைக்கவும், அண்டாவைக் கவிழ்த்துத் தேய்க்கவும், தரையைக் கழுவவும் கட்டளையிட்டார். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. "பூவையும் எடுத்துவிடு, கையை நன்றாய்க் கழுவு" என்றார்.

விருந்திற்கு ஒன்றரை மணி நேரமே இருந்தது. காந்தளை எடுத்தபின் பித்தளைக் குடம் மேசையின் நடுவே வெறுமையாய் நின்றது. ஆற்றங்கரை ஊரினனான என் வகுப்புத் தோழன் ஒருவன், ஆலயத்திற்கென்று தன் வீட்டாரிடமிருந்து கார்நெற் கதிர்க்கட்டு இரண்டு கொண்டுவந்திருந்தான். தாமிரபரணிப் பாசனத்திற் கார் அறுவடை முடிவதும் பிசானத்திற்கு நாற்றங்கால் விடுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில். ஆதலின் ஐப்பசியிற் புதுக்கதிர் கிடைப்பது இப்பக்கத்திற்கு இயல்பே. படங்களிற் கோதுமை நின்ற இடத்தில் அதனை நிறுத்தினேன். ஏலத்தில் விடுதி எடுத்திருந்த பூசணிக்காய் ஒன்றும் வந்து சேர்ந்தது. (யான் சொல்லும் பூசணி மஞ்சட் பூசணி, வெண்ணிறமானதை எங்கள் பக்கத்தில் தடியங்காய் என்போம். வடக்கிலிருந்து வரும் மாணவர்க்கு இது தீராத குழப்பம்.) பூசணியைப் பரங்கி என்றே பல ஊர்களிற் சொல்வர், அதுவும் சீத்தாப்பழமும் அமெரிக்காவிலிருந்து நம்மிடம் வந்தவையே. ஆக, செயலாளரின் படத்திலிருந்த பூசணியை யான் குழுவில் எள்ளியது எத்துணை அறியாமை என்பது அப்போதுதான் உறைத்தது. என் பெட்டியில் ஆச்சி கொடுத்தனுப்பிய பனையோலைக் கொட்டான்கள் ஆறு இருந்தன. இரண்டிற் சீத்தாப்பழமும், நாலில் முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டி எடுத்த தவுணும் இட்டு வரிசையாக வைத்தேன். இவையெல்லாம் சேர்ந்தும் நடுவிடம் நிரம்பவில்லை. குடத்தை எடுத்துவிடலாமென்று கை நீட்டினேன்.

செயலாளர் வந்து அருகில் நின்றார். ஒன்றும் பேசாமல் தம் பையிலிருந்து காகித மேப்பிள் இலைகளை எடுத்து, ஈர்க்குகளிற் கோத்து, குடத்தில் ஒவ்வொன்றாய் நட்டார். முன்னதாகவே ஈர்க்கெல்லாம் சீவி வைத்திருந்தார் போலும்! விளக்கொளியில் அவை நன்றாகவே இருந்தன. அவரிடம் யான் நன்றி சொல்லவில்லை. அப்போது சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையில் சொல்லிக்கொள்கிறேன்.

விருந்தின் தொடக்கத்தில் ஜெபம் செய்த போதகருக்குச் செய்தி எட்டியிருந்தது. ஜெபம் முடிந்து அமரும்போது என்பக்கம் குனிந்து, "எலிசாவின் நாளிற் பானையிலிட மாவு இருந்தது, தம்பி, நமக்குப் பெரியம்மா இருந்தார்கள்" என்றார். பஞ்சகாலத்திற் கில்காலிலே ஒருவன் அறியாமற் பேய்க்கொம்மட்டிக் காயை அறுத்துவந்து கூழ்ப்பானையில் இட்ட வரலாற்றை வேதத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவனது பெயரை வேதம் சொல்லாமல் விட்டது எத்துணைப் பெரிய இரக்கம் என்று அன்று தோன்றிற்று.

விருந்தினர் அம்மையார் காகித இலைகளைக் கண்டு நகைத்தார். அவர் வீட்டு முற்றத்தில் இந்த இலைகளை வாரி வாரிக் கை சோர்ந்துபோகுமாம். கடல் கடந்து வந்தும் அவை விடவில்லையே என்றார். அவர் கல்லூரியிலே தாவரநூல் கற்பித்தவர். பகல் குறுகிக் குளிர் தொடங்கியதும் இலையின் பச்சையம் சிதைந்து போகிறது. மஞ்சள் நிறம் அப்போது வருவதன்று, இளந்தளிர் முதலே இலையினுள் இருந்ததே வெளிப்படுகிறது. சிவப்பு மட்டுமே அந்நாட்களிற் புதிதாக உண்டாவது என்று விளக்கினார். செவ்வந்தியைத் தொட்டுப் பார்த்து, பகற்பொழுது சுருங்கினால்தான் இது மொட்டுவிடும், அதனாலேயே உங்கட்கும் எங்கட்கும் ஜப்பானியர்க்கும் இது இப்பருவத்து மலராயிற்று என்றார். தவுணைத் தின்று பார்த்து மற்றொன்றும் எடுத்துக்கொண்டார். அது எனக்குப் பெருமையாயிருந்தது. கிழங்கில்லாதது பற்றி இரண்டாம் பந்தியிலிருந்து முணுமுணுப்பு எழுந்ததும் காதில் விழுந்தது.

பின்பு அவர், "உங்கள் பழம்பாட்டுகளில் இப்பருவத்திற்கு உரிய மலர் எது?" என்று என்னை வினவினார். தமிழ் மாணவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் தம் தட்டை நோக்கினார். யான் காந்தளைப் பற்றிச் சொன்னேன். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த இயலாமல் பெட்டி, அண்டா, இருபத்தொன்று எல்லாவற்றையுமே சொல்லிவிட்டேன். மேசையில் ஒரு பகுதியினர் உண்பதை நிறுத்தினர். அம்மையார் சற்றுநேரம் பேசாதிருந்து, தம் ஊரிலும் இலையுதிர் காலத்தில் பிட்டர்ஸ்வீட் என்றொரு கொடியின் செம்மஞ்சட் கனிகளைக் கொத்தோடு அறுத்து வீட்டில் அணியாக வைப்பார்களென்றும், அக்கனி உண்ணத் தகாததென்றும், பிள்ளைகள் வளரும்வரை தம் தாயார் அதனைக் கதவின் உச்சியில் மட்டுமே மாட்டுவார், மேசைக்குக் கொண்டுவர விடமாட்டார் என்றும் சொன்னார். பிறகு தண்ணீர்க் குவளையை என்பக்கமாக நகர்த்தினார்.

இருபத்திரண்டாவது கவர் மறுநாட் காலையில் அகப்பட்டது. பொதிந்து கொண்டுவந்த தோள்துண்டின் மடிப்பிலேயே கிடந்தது. அத்துண்டை அன்றிரவு மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு உறங்கியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் ஓலை கிழித்துக்கொண்டே கேட்டார்கள். இடையில் ஒன்றும் சொல்லவில்லை. காந்தள் என்ற பெயரைச் சொன்னபோது, "அப்படியும் பேரிருக்கா?" என்றார்கள். மேசை எத்துணை அழகாயிருந்தது என்றும் சொன்னேன். அதற்கும் தலையசைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்து, "எய்யா, அந்தத் துண்ட என்ன செஞ்ச?" என்றார்கள்.

துவைத்து வைத்திருக்கிறேன் என்றேன். கொண்டுவரச் சொல்லி, கொல்லையில் வைத்து எரித்தார்கள்.